நானூற்றுப் பன்னிரண்டாம் வரி

வாளையாறில் டயர் ரிட்ரெட் கடைக்கு மேல்
ஒற்றை அறை.
ரப்பர் வேகும் நாற்றம்
படியேறி வந்து கீபோர்டில் உட்காரும்.
எடைமேடைக்கான மென்பொருளை
அங்கேதான் எழுதினோம்
நானும் சஜிமோனும், இரண்டாயிரத்து எட்டில்.
நான் தமிழில் திட்டுவேன், அவன் மலையாளத்தில்.
கம்பைலர் இருவருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தது.

லாரி ஏறும். எண் நடுங்கும். நிற்கும்.
ரசீது இரண்டு மொழியில் நாக்கு நீட்டும்.
அதோடு போய்ச் சாவடியில் வரிசை பிடிக்க வேண்டும்.
முட்டை, முறுக்குக் கம்பி, பொள்ளாச்சித் தேங்காய்,
மூன்று நாள் வரிசையில் நின்று
சாறு விட்ட தக்காளி,
எல்லாம் எங்கள் தசமப் புள்ளியைத் தாண்டித்தான்
கணவாய்க்குள் நுழைந்தன.

வங்கியில் கேட்டார்கள், கணவர் என்ன செய்கிறார்?
வெளியே ஸ்கூட்டரில் காத்திருக்கிறார் என்றேன்.
உண்மை அதுதான்.
நாலு லட்சம் கிடைத்தது.
நாற்பத்து மூன்று எடைமேடைகள்,
நாலு பையன்கள், ஒரு இன்வெர்ட்டர்.

பிறகு ஒரு ஜூன் முப்பது நள்ளிரவு
வரி மாறியது.
சாவடியின் தடுப்புக் கட்டை மேலே போனது,
இறங்கவில்லை.
மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.
ஒன்பது வருட வேலை
ஹாரன்கூட அடிக்காமல் எங்களைக் கடந்து போனது.
டிரைவர்கள் நேரத்துக்கு வீடு போவாங்கல்லே
என்றான் சஜிமோன்.
அவனை அறையலாம் போல இருந்தது.
அவன் சொன்னது சரி.

அவன் ஷார்ஜாவுக்குப் போனான்.
நான் பால் சங்கங்களுக்குப் போனேன்:
கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு,
பட்டுவாடா எந்தச் சனிக்கிழமை.
இப்போது கோவையில் கண்ணாடிக் கதவு,
இருபத்திரண்டு பேர்,
வியாழக்கிழமைதோறும் திரையில் ஒரு முதலீட்டாளர்
பத்து மடங்கு ஆகுமா என்கிறார்.
மாடு எத்தனை மடங்கு ஆகும் சார்
என்று கேட்க வாய் வரும். கேட்பதில்லை.

போன ஞாயிறு ஹக்கீம் ராவுத்தர் கூப்பிட்டார்.
"பாப்பா, உன் பொட்டி இழுத்துக்கிட்டு கெடக்கு."
நாற்பத்து மூன்றில் மிச்சம் அந்த ஒன்று.
கஞ்சிக்கோட்டு இரும்புக்காரர்களுக்காக
இன்னும் எடை போடுகிறது.

மழையில் காரோட்டிப் போய்த் திறந்தேன்.
என் கோடு, என் பிழைகள்,
இருபத்தாறு வயதில் மட்டும் வருகிற திமிரோடு
நான் வைத்த பெயர்கள்.
நானூற்றுப் பன்னிரண்டாவது வரியில்
நான் எழுதாதது ஒன்று:
மாதம் ஆறு முதல் ஒன்பது என்றால்
நாற்பது கிலோ கழி.
மாறியின் பெயர் இடவப்பாதி.
பக்கத்தில் சஜிமோனின் குறிப்பு:
"குழியில் வெள்ளம், மேடையில் சேறு.
தமிழ்நாட்டுக்காரிக்குப் புரியாது. தொடாதே."

ஒன்பது வருடம் பக்கத்து நாற்காலி.
மழை வருமென்று
என்னிடம் சொல்லவே இல்லை அவன்.

சோதித்துப் பார்த்தேன். கழிக்கவில்லை.
கணினியின் கடிகாரம்
இரண்டாயிரம் ஜனவரி ஒன்றில் நின்றிருந்தது.
பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது.
அந்தப் பெட்டிக்குள் ஆறு வருடமாய் மழையே இல்லை.

"அப்போ மழைக்காலத்துல எப்படி பாய்?"

ராவுத்தர் ரசீதுக் கட்டை நீட்டினார்.
ஒவ்வொரு ஜூனிலும், ஒவ்வொரு ஜூலையிலும்
அச்செழுத்தின் கீழே பென்சிலில்
கழித்தல் நாற்பது.
"சஜி போறப்போ சொல்லிட்டுப் போனான்.
மெசின் மறந்தாலும் நீங்க மறக்காதீங்கன்னு."

எதிர்க்கடையில் நாணய பேட்டரி முப்பது ரூபாய்.
போட்டேன். தேதியைச் சரி செய்தேன்.
ஒரு கம்பி லாரி ஏறியது,
எண் நடுங்கியது, நின்றது,
பிறகு நாற்பது இறங்கியது.

ராவுத்தர் பழக்கத்தில் பென்சிலை எடுத்தார்.
வேண்டாம் பாய் என்றேன்.
என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்,
கைக்கெட்டும்படி.